மேமோகிராமா, ஸ்கேனா, டாக்டர் கையால பாத்தா போதுமா?

என் நாத்தனாருக்கு 42 வயசு. அவ ஆபீஸ்ல மாஸ்டர் ஹெல்த் செக்கப் பேக்கேஜ் குடுத்திருக்காங்க, அதுல மார்பக அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் உண்டு, கைக்காசு கொஞ்சம் போட்டா மேமோகிராமும், அதாவது மார்பக எக்ஸ்ரேயும், சேத்துக்கலாமாம், இது பத்தாதுன்னு அவங்க ஏரியாவுல ஒரு கேம்ப் வேற நடக்குது, தொடவே மாட்டோம் அமுக்கவே மாட்டோம் உடம்புச் சூட்டை வச்சே மார்பகப் புற்றுநோயைக் கண்டுபிடிச்சுருவோம்னு நோட்டீஸ். "அண்ணி, இதுல எதுக்குப் போறது?"ன்னு கேட்டா. நான் மேமோகிராம் ரூம்ல டெக்னீஷியனா வேலை பாக்கறேன், டாக்டர் இல்ல, ஆனா இந்தக் கேள்வியை தினமும் யாராவது ஒருத்தர் டிரஸ் மாத்திக்கிட்டே கேக்கறாங்க, அதனால ஒரே இடத்துல எழுதி வச்சுடலாம்னு தோணுச்சு.

முதல்ல ஒண்ணைப் பிரிச்சுக்கோங்க. உடம்புல ஒரு மாற்றமும் தெரியல, சும்மா பாத்து வச்சுக்கலாம்னு வர்றது ஒரு வகை. குளிக்கறப்ப கையில ஏதோ தட்டுப்படுதுன்னு வர்றது இன்னொரு வகை. கேம்ப், பேக்கேஜ், எத்தனை வருஷத்துக்கு ஒருக்கா எடுக்கணும்ங்கற பேச்சு எல்லாமே முதல் வகைக்குத்தான். ரெண்டாவது வகைக்கு வயசும் கிடையாது பேக்கேஜும் கிடையாது, நேரா ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா கட்டி இருக்குன்னு தெரிஞ்சும் "அடுத்த மாசம் ஆபீஸ்ல செக்கப் வருது, அப்ப பாத்துக்கலாம்"னு உக்காந்திருந்துட்டு வர்றவங்க நெறைய பேர். அதுல பாதிப் பேரு சொல்றது "வலிக்கவே இல்லையே, அதான் விட்டுட்டேன்". ஆரம்பத்துல புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் வலிக்காது. வலி இல்லைங்கறதை நல்ல சேதியா எடுத்துக்கக் கூடாது.

சரி, அந்தச் சூட்டை வச்சுப் பாக்கற கேம்பை முதல்ல முடிச்சுடறேன், ஏன்னா அதுல சொல்றதுக்குக் கம்மிதான். தெர்மல் கேமரா தோலோட வெப்பத்தைப் படம் எடுக்குது, கட்டி இருக்கற இடத்துல ரத்த ஓட்டம் அதிகமா இருக்கும்ங்கறது அதோட கணக்கு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா மேமோகிராமுக்குப் பதிலா இதை எடுத்துக்கலாம்னு நிரூபணம் ஆகல, அமெரிக்காவுல மருந்து, மருத்துவக் கருவிகளைக் கட்டுப்படுத்தற எஃப்டிஏ இது மேமோகிராமுக்கு மாற்று இல்லைன்னு வெளிப்படையா எச்சரிக்கையே விட்டிருக்கு. இப்ப கம்ப்யூட்டர் வச்சு இதைப் புதுசா ஆராய்ச்சி பண்றாங்க, பண்ணட்டும். என் கவலை எல்லாம் அங்க "நார்மல்"னு ஒரு பேப்பர் குடுத்தா அந்த அம்மா அதை பீரோவுல வச்சுட்டு மூணு வருஷம் எந்தப் பக்கமும் போகாம இருப்பாங்களே, அதுதான்.

அடுத்து நாமளே கண்ணாடி முன்னாடி நின்னு கையால தடவிப் பாக்கறது. செலவே இல்ல, யார்கிட்டயும் போக வேண்டியதில்ல, அதனால எல்லா மேடையிலயும் இதைத்தான் முதல்ல சொல்லிக் குடுப்பாங்க. ஆனா சீனாவுல ஷாங்காய்ல ஜவுளி ஆலையில வேலை பாத்த 2,66,000க்கு மேல பெண்களை ரெண்டு குரூப்பாப் பிரிச்சு, ஒரு குரூப்புக்கு முறையா சொல்லிக் குடுத்து, திரும்பத் திரும்ப ஞாபகப்படுத்தி வருஷக்கணக்கா பாத்தாங்க. 2002ல முடிவு வந்துச்சு. இறப்புல ரெண்டு குரூப்புக்கும் வித்தியாசம் இல்ல, சொல்லிக் குடுத்த குரூப்புல சாதாரணக் கட்டிக்கு பயாப்ஸி, அதாவது திசு எடுத்து டெஸ்ட், பண்ணினதுதான் அதிகம். அதனால மாசா மாசம் தேதி குறிச்சு, அட்டவணை போட்டு, பதட்டத்தோட தேடணும்னு இப்ப பல மருத்துவ அமைப்புகள் கட்டாயப்படுத்தறதில்ல.

இதைப் படிச்சுட்டு அப்ப கையே வைக்க வேண்டாம்னு நினைச்சுக்காதீங்க. உங்க மார்பு சாதாரணமா எப்படி இருக்கும், பீரியட்ஸுக்கு முன்னாடி எந்தப் பக்கம் கனக்கும், எங்க கொஞ்சம் முடிச்சு முடிச்சா இருக்கும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா புதுசா ஒண்ணு வந்தா உடனே தெரியும். நம்ம ஊர்ல பெரும்பாலும் புற்றுநோயை முதல்ல கண்டுபிடிக்கறது மிஷின் இல்ல, அந்தப் பொம்பளையோட கைதான், இல்லன்னா புருஷன் கை. கட்டி மட்டும் இல்லாம காம்பு புதுசா உள்ள இழுத்துக்கறது, ஒரு பக்கக் காம்புல இருந்து மட்டும் ரத்தமோ தண்ணியோ தானா வர்றது, தோல் தடிச்சு சின்னச் சின்னக் குழியா ஆகறது, காம்பைச் சுத்தி எந்த ஆயின்மெண்ட்டுக்கும் ஆறாத சொறி, அக்குள்ல நெறி கட்டி இறங்காம நிக்கறது, இதுல எது வந்தாலும் காட்டணும். குழந்தைக்குப் பால் குடுக்கறவங்களுக்கு இன்னொரு சிக்கல், எல்லாத்தையும் "பால் கட்டியிருக்கு"ன்னு வீட்ல பெரியவங்க சொல்லிருவாங்க, நிஜமாவே பெரும்பாலும் அதுவாத்தான் இருக்கும், ஆனா ரெண்டு வாரத்துல கரையலன்னா ஒரு அல்ட்ராசவுண்ட் பாத்துடறது நல்லது, அதனால பாலுக்கும் ஒண்ணும் ஆகாது குழந்தைக்கும் ஒண்ணும் ஆகாது.

மூணாவது, பயிற்சி எடுத்தவங்க கையால பரிசோதிக்கறது. டாக்டரோ நர்ஸோ யாரா இருந்தாலும் சரி. இதை நம்மாளுங்க ரொம்ப மட்டமா நினைப்பாங்க, மிஷின் இருக்கறப்ப கையை நம்பச் சொல்றியேன்னு. ஆனா இந்தியப் பெண்களுக்கு இந்தியாவுலயே பண்ணின பெரிய ஆராய்ச்சி இதைப் பத்தித்தான். மும்பையில டாடா மெமோரியல் ஆஸ்பத்திரிக்காரங்க 1998ல ஆரம்பிச்சு, 35 வயசுல இருந்து 64 வயசு வரைக்கும் ஒன்றரை லட்சம் பெண்களை, அதுவும் பெரும்பாலும் குடிசைப் பகுதியில இருக்கறவங்களை, ரெண்டு பாதியாப் பிரிச்சாங்க. ஒரு பாதிக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா சுகாதாரப் பணியாளர் பெண்கள் கையால பரிசோதனை பண்ணினாங்க, டாக்டர் கூட இல்ல, பயிற்சி குடுத்த பணியாளர்கள். 20 வருஷம் தொடர்ந்து பாத்து 2021ல முடிவு வெளியிட்டாங்க. 50 வயசுக்கு மேல இருந்தவங்களுக்கு மார்பகப் புற்றுநோய் சாவு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. 50க்குக் கீழ அந்த மாதிரி உறுதியா சொல்ல முடியல. ஆனா பரிசோதனை பண்ணின குரூப்புல கட்டி ஆரம்ப நிலையிலயே பிடிபடறது அதிகமாச்சு.

இதுல இருந்து நான் எடுத்துக்கறது என்னன்னா, பக்கத்துல மேமோகிராம் மிஷினே இல்லாத ஊர்ல இருக்கற 55 வயசு அம்மாவை "டவுனுக்குப் போய் எடுத்துட்டு வா"ன்னு சொல்லிச் சொல்லி அவங்க போகாமலே இருக்கறதுக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்துல நர்ஸ்கிட்ட வருஷம் ஒருக்கா காட்டறது எவ்வளவோ மேல். அரசாங்கத் திட்டமும் அதுதான், 2016ல மத்திய அரசு குடுத்த வழிகாட்டுதல்படி 30 வயசுல இருந்து 65 வரைக்கும் கையால பரிசோதனை உண்டு, அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா. அஞ்சு வருஷம்ங்கறது எனக்கு ரொம்ப நீளமாத் தெரியுது, ஆனா அந்த அளவுக்குக் கூட நடக்கறதில்ல, தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்போட அஞ்சாவது சுற்றுல 30க்கும் 49க்கும் நடுவுல இருக்கற பெண்கள்ல நூத்துல ஒருத்தர் கூட மார்பகப் பரிசோதனை பண்ணிக்கிட்டது இல்ல. தமிழ்நாடு தேசிய சராசரிக்கு மேலதான், அதுக்காக பெருமைப்பட்டுக்கற அளவுக்கு இல்ல.

இப்ப என் ஏரியா, மேமோகிராம்.

இது ஒரு எக்ஸ்ரே. ஒரு பக்கத்துக்கு ரெண்டு படம், மொத்தம் நாலு. மார்பை ரெண்டு தட்டுக்கு நடுவுல வச்சு அமுக்குவோம், ஒவ்வொண்ணும் சில செகண்ட். வலிக்குமான்னா, இறுக்கமா இருக்கும், சிலருக்கு நல்லாவே வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன். பீரியட்ஸ் முடிஞ்ச வாரம் வந்தா கம்மியா வலிக்கும், இதை புக்கிங் பண்றப்ப யாருமே சொல்றதில்ல. கதிர்வீச்சுன்னு பயப்படறவங்களுக்கு: ஒரு தடவை எடுக்கறது சுமார் 0.4 மில்லிசீவர்ட், நாம சும்மா மண்ணுலயும் காத்துலயும் இருந்து ஏழு வாரத்துல வாங்கிக்கற அளவு. அன்னிக்கு பவுடர், ரோல்ஆன் எதுவும் போடாம வாங்க, அது படத்துல வெள்ளைப் பொட்டாத் தெரிஞ்சு சுண்ணாம்புத் துகள் மாதிரியே ஏமாத்தும்.

அந்தச் சுண்ணாம்புத் துகள்லதான் மேமோகிராமோட தனித்தன்மையே இருக்கு. பால் குழாய்க்குள்ளயே இருந்துக்கிட்டு இன்னும் வெளிய பரவாத நிலையில, கைக்குத் தட்டுப்படாத நிலையில, சில புற்றுநோய் பொடிப் பொடியா கால்சியம் படிஞ்சு படத்துல தெரியும். அல்ட்ராசவுண்ட்ல இது பெரும்பாலும் சிக்காது. கட்டியா மாறறதுக்கு முன்னாடியே பிடிக்கறதுன்னா இதுதான், அதனாலதான் 50ல இருந்து 69 வயசு வரைக்கும் வசதி இருக்கற நாடுகள்ல ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா எடுக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அமெரிக்கக் குழு ஒண்ணு 2024ல அந்த ஆரம்ப வயசை 50ல இருந்து 40க்கு இறக்கிருச்சு.

குறையும் உண்டு, அதை மறைச்சு விக்கக் கூடாது. அமெரிக்கக் கணக்குல 1000 பேர் எடுத்தா சுமார் 100 பேரை "இன்னொரு படம் எடுக்கணும் வாங்க"ன்னு திரும்பக் கூப்பிடறாங்க, அதுல கடைசியில புற்றுநோய்னு வர்றது அஞ்சு பேருக்குப் பக்கம்தான். மிச்சப் பேருக்கு சில நாள் தூக்கம் போகும். அதை விடப் பெரிய விஷயம், வளராமலே இருந்திருக்கக்கூடிய, ஆயுசு முழுக்கத் தொந்தரவே பண்ணியிருக்காத ஒண்ணையும் கண்டுபிடிச்சு ஆபரேஷன் பண்ணிடறது. 2012ல பிரிட்டன்ல ஒரு சுயாதீனக் குழு எல்லா ஆராய்ச்சியையும் சேத்துப் பாத்துட்டு, மேமோகிராமுக்குக் கூப்பிடற பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் சாவு 20 சதவீதம் குறையுது, ஆனா தடுக்கற ஒவ்வொரு சாவுக்கும் மூணு பேருக்குத் தேவையில்லாத சிகிச்சை நடக்குதுன்னு சொல்லுச்சு. யாருக்குத் தேவை யாருக்குத் தேவையில்லன்னு அன்னிக்கே பிரிச்சுச் சொல்ல வழி இல்ல. இதைத் தெரிஞ்சுக்கிட்டும் நான் 50க்கு மேல எடுங்கன்னுதான் சொல்வேன், ஏன்னா நம்ம நாட்டுல இப்ப பிரச்சனை அதிகமாக் கண்டுபிடிக்கறது இல்ல, லேட்டாக் கண்டுபிடிக்கறது. 2022ல இந்தியாவுல சுமார் 1,92,000 பேருக்குப் புதுசா வந்திருக்கு, அதே வருஷம் 98,000 பேர் இறந்திருக்காங்க. உலக அளவுல 23 லட்சம் பேருக்கு வந்து ஆறே முக்கால் லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவா இறந்திருக்காங்க. ரெண்டு கணக்கையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, இங்க பாதிக்குப் பாதி, உலக அளவுல மூணுல ஒண்ணுக்கும் கம்மி.

இன்னொரு குறை வயசு சம்பந்தப்பட்டது. இளம் வயசுல மார்புல சுரப்பித் திசு அடர்த்தியா இருக்கும், அது படத்துல வெள்ளையாத் தெரியும், கட்டியும் வெள்ளையாத்தான் தெரியும், தேங்காத் துருவலுக்குள்ள விழுந்த உப்புக்கல்லைத் தேடற கதைதான். ரிப்போர்ட்டுல அடர்த்தின்னு போட்டு ஏ, பி, சி, டின்னு ஒரு எழுத்து இருக்கும், சி இல்லன்னா டின்னு இருந்தா உங்களுக்கு அடர்த்தி அதிகம்னு அர்த்தம், அது நோய் இல்ல, ஆனா மேமோகிராம் மட்டும் "நார்மல்"னு வந்தா அதை முழுசா நம்ப முடியாது. நம்ம நாட்டுல இந்த நோய் மேல்நாட்டை விட ஏறக்குறைய பத்து வருஷம் முன்னாடியே, நாப்பதுகள்லயே அதிகமா வருதுங்கறதால இந்த அடர்த்தி விஷயம் நமக்கு ரொம்ப முக்கியம்.

அங்கதான் அல்ட்ராசவுண்ட் வருது. வலி இல்ல, கதிர்வீச்சு இல்ல, நீர்க்கட்டியா கெட்டிக் கட்டியான்னு நல்லாப் பிரிச்சுக் காட்டும், 30 வயசுக்குக் கீழ கட்டின்னா முதல் டெஸ்ட் இதுதான், கர்ப்பமா இருந்தாலும் இதுதான். அப்ப எல்லாருக்கும் இதையே எடுத்துட்டுப் போலாமேன்னா, முன்ன சொன்ன பொடித் துகள் இதுல தப்பிச்சுரும், போக யார் எடுக்கறாங்கங்கறதைப் பொறுத்து ரிசல்ட்டே மாறும், பிசியான சென்டர்ல அஞ்சு நிமிஷத்துல முடிச்சு அனுப்பினா அதை நான் ஸ்கேன்னே சொல்ல மாட்டேன். ரெண்டையும் சேத்து எடுத்தா என்ன ஆகும்னு ஜப்பான்ல 40ல இருந்து 49 வயசுல இருக்கற 70,000 பேருக்கு மேல வச்சுப் பாத்தாங்க. மேமோகிராம் மட்டும் எடுத்தப்ப இருந்த புற்றுநோய்ல 77 சதவீதம் பிடிபட்டுச்சு, அல்ட்ராசவுண்டும் சேத்தப்ப 91 சதவீதம். கூடவே தேவையில்லாம பயமுறுத்தறதும் கொஞ்சம் கூடுச்சு.

எம்ஆர்ஐ ரொம்ப நுணுக்கமானது, ஆனா அது எல்லாருக்கும் இல்ல. பிராக்கா மாதிரி மரபணு மாற்றம் இருக்கறவங்களுக்கு 25, 30 வயசுலயே வருஷா வருஷம் சொல்வாங்க. அம்மாவுக்கோ அக்காவுக்கோ சின்ன வயசுல வந்திருந்தா, அவங்களுக்கு எந்த வயசுல வந்துச்சோ அதுக்குப் பத்து வருஷம் முன்னாடி இருந்தே நீங்க பாக்க ஆரம்பிக்கணும்ங்கறது பொதுவா சொல்ற கணக்கு. "எங்க குடும்பத்துல யாருக்கும் இல்ல, அதனால எனக்கு வராது"ன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு, பரம்பரை மரபணுவால வர்றது நூத்துல அஞ்சுல இருந்து பத்துதான். ஆம்பளைங்களுக்கும் வரும், மார்பகப் புற்றுநோய் வர்ற நூறு பேர்ல சுமார் ஒருத்தர் ஆம்பளை, அவங்க இன்னும் லேட்டாத்தான் வருவாங்க, வெக்கம்.

இப்ப முடிவு. நாத்தனாருக்கு நான் சொன்னது: 42 வயசு, அதனால பேக்கேஜ்ல இருக்கற அல்ட்ராசவுண்டை மட்டும் எடுத்துட்டு வராத, காசு போட்டு மேமோகிராமையும் சேரு, ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா எடு, அடர்த்தி சி, டின்னு வந்தா ஒவ்வொரு தடவையும் ரெண்டும் சேத்து. காசு இடிக்குதுன்னா மாஸ்டர் செக்கப்ல இருக்கற வேற ஏதாவது டெஸ்ட்டை விட்டுரு, அந்த நூறு டெஸ்ட்ல பாதி யாருக்கும் எதுக்கும் உதவறதில்ல. 30கள்ல இருக்கறவங்க, குடும்பத்துல யாருக்கும் இல்லன்னா, மிஷினுக்கு அவசரப்பட வேண்டாம், கைனக் டாக்டர்கிட்ட வேற எதுக்காவது போறப்ப "இதையும் பாத்துடுங்க"ன்னு வாய் விட்டுக் கேளுங்க, கேக்கலன்னா அவங்க பாக்க மாட்டாங்க. 50க்கு மேல மேமோகிராம் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா, எட்டாத ஊர்னா கைப் பரிசோதனை வருஷம் ஒருக்கா, இதுல மாமியார் அம்மா எல்லாரும் அடக்கம், "இனிமே எனக்கெதுக்கு"ன்னு சொல்ற வயசுலதான் அவங்களுக்கு ரிஸ்க் அதிகம். 75க்கு மேல உடம்பு நிலையைப் பாத்து டாக்டர்கிட்ட பேசிக்கலாம்.

கட்டி இருக்கறவங்களுக்கும் ஒரு தேர்வு வரும், அதைப் பத்தி யாரும் எழுதறதில்ல. சின்ன நர்சிங் ஹோம்ல "சின்னக் கட்டிதான், எடுத்துடலாம், எடுத்துட்டு டெஸ்டுக்கு அனுப்பிக்கலாம்"னு சொல்வாங்க, ஒரே நாள்ல முடிஞ்சுரும், செலவும் கம்மி, நிம்மதியா இருக்கும். அதுக்கு ஒத்துக்காதீங்க. அது புற்றுநோயா இருந்துட்டா ஓரம் சரியா எடுத்திருக்க மாட்டாங்க, திரும்ப ஆபரேஷன், மார்பைக் காப்பாத்தியிருக்கக்கூடிய வாய்ப்பும் போயிரலாம். முதல்ல ஊசி, அப்புறம்தான் கத்தி. ஊசியிலயும் ரெண்டு இருக்கு, எஃப்என்ஏசின்னு மெல்லிசு ஊசியில செல்லை மட்டும் உறிஞ்சறது, கோர் பயாப்ஸின்னு கொஞ்சம் தடிச்ச ஊசியில திசுவை நூல் மாதிரி எடுக்கறது. முதல்ல சொன்னது விலை கம்மி, ரெண்டாவதுலதான் என்ன வகை, ஹார்மோன் மருந்துக்குக் கேக்குமா, ஹெர்டூங்கற புரதம் அதிகமா இருக்கான்னு எல்லாம் தெரியும், சிகிச்சையே அதை வச்சுத்தான். ஊசி குத்தினா பரவிரும்னு சொல்ற சித்தப்பாவும் பச்சிலை வச்சுக் கட்டினா கரையும்னு சொல்ற பக்கத்து வீட்டு அக்காவும் எல்லா ஊர்லயும் இருக்காங்க, அவங்க பேச்சைக் கேட்டு நாலு மாசம் கழிச்சு வர்றவங்களைத்தான் பாக்கவே முடியல. முதல் தடவை டாக்டரைப் பாத்ததுல இருந்து 60 நாளுக்குள்ள இன்னதுன்னு முடிவு தெரியணும்ங்கறது உலக சுகாதார நிறுவனம் வச்சிருக்கற இலக்கு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா சிகிச்சைக்கு வருஷம் அஞ்சு லட்சம் வரைக்கும் குடும்பத்துக்குக் கிடைக்கும், அதனால "கண்டுபிடிச்சுட்டா மட்டும் எங்க போறது"ன்னு பயந்துக்கிட்டு டெஸ்டே பண்ணாம இருக்காதீங்க.

ரிப்போர்ட் வந்ததும் கூகுள்ல தேடறதுக்கு முன்னாடி பைராட்ஸ்னு ஒரு நம்பர் போட்டிருப்பாங்க, அதைப் பாருங்க. 1, 2ன்னா பிரச்சனை இல்ல. 0ன்னா ஒண்ணுமே இல்லன்னு அர்த்தம் இல்ல, இன்னும் படம் வேணும்னு அர்த்தம், இதுல ஏமாந்து சந்தோஷமா வீட்டுக்குப் போனவங்க உண்டு. 3ன்னா புற்றுநோயா இருக்க வாய்ப்பு நூத்துல ரெண்டுக்கும் கம்மி, ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாக்கணும், அந்த ஆறு மாசத்தை மறந்துடக் கூடாது. 4, 5ன்னா ஊசி டெஸ்ட்.

அப்புறம் பழைய ஃபிலிம், சிடி எதையும் தூக்கிப் போடாதீங்க. ரெண்டு வருஷம் கழிச்சு வேற சென்டருக்குப் போனாலும் கொண்டு போங்க. ஒரு வெள்ளைப் பொட்டு போன தடவையும் அதே இடத்துல அதே சைஸ்ல இருந்துச்சுன்னா ரேடியாலஜிஸ்ட் பெரும்பாலும் உங்களைத் திரும்பக் கூப்பிட மாட்டார், புதுசுன்னா விடவும் மாட்டார், பழசு கையில இல்லன்னா அவருக்கு எல்லாமே புதுசுதான்.